தினம் ஒன்று, வெறும் வயிற்றில்

பச்சையப்பனுக்கு டாக்டர் என்று பெயர் வைத்தது நகரி கடைத்தெரு. வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லாதவர் பச்சையப்பன். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டு, அண்ணன்களோடு விசைத்தறி ஓட்டவும் பிடிக்காமல், மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த மனுஷன். மருந்துப் படிப்பு படித்தவர் முதலாளி. அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் கீழே இருபத்தாறு வருஷம் நின்றதில், அந்தப் படிப்பில் பாதியாவது தன் தலையில் இறங்கியிருக்கும் என்று பச்சையப்பன் மனதார நம்பினார்.

சீட்டு கொண்டு வந்தால் சீட்டைப் பார்ப்பார். சீட்டு இல்லாமல் வந்தால் ஆளைப் பார்ப்பார். ஆளைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. "எத்தினி நாளா?" என்று ஒரு கேள்வி கேட்பார். பதில் வருவதற்குள் கை அலமாரிக்குப் போய்விடும். கேள்வி கேட்டது பதிலுக்காக இல்லை, கேட்டால்தான் டாக்டர் மாதிரி இருக்கும் என்பதற்காக. இதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார், கோபித்துக்கொண்டிருப்பார்.

அலமாரியில் அவருக்குச் செல்லப்பிள்ளை ஒன்று உண்டு. மஞ்சள் நிறத்தில் சின்னதாக இருக்கும் கேஸ் மாத்திரை. நகரியில் தறிச் சத்தத்துக்கு அடுத்தபடி அதிகம் கேட்பது ஏப்பம்தான். நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, மணிக்கு ஒரு டீ, ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. நெஞ்சு எரிகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் பச்சையப்பன் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்து ஒரே மந்திரத்தைச் சொல்வார்.

"தினம் ஒண்ணு, வெறும் வயித்துல. ஆயுசு பூரா போடலாம், ஒண்ணும் பண்ணாது. என்னையே பாரு."

அவரையே பார்க்கச் சொன்னதில் பொய் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைக் கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து நெஞ்சு எரிச்சலில் ஒன்று போட்டார். எரிச்சல் நின்றது. மறுநாள் எரிச்சல் வரக்கூடாதே என்று ஒன்று போட்டார். அந்த மறுநாள்தான் பதினோரு வருஷமாக நீண்டுகொண்டே வந்தது. பல் தேய்ப்பார், மாத்திரை போடுவார், காபி குடிப்பார். பல்பொடியை யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. இதையும் அவர் சேர்க்கவில்லை.

போன ஆடி மாதம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்று முடிவு செய்தார். பிறகு விரல் நுனி மரத்தது. கடைக் கத்தரிக்கோல் பழசாகிவிட்டது என்று முடிவு செய்தார். பிறகு நடந்துகொண்டிருக்கும்போதே கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. செருப்பை மாற்றினார். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. உடம்புதான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை கடையில் கூட்டம். பிரஷர் மாத்திரை வாங்க வந்த சுந்தராம்பாள் என்கிற கிழவி முன்னால் நின்றிருந்தாள். பச்சையப்பன் அட்டையைக் கத்தரிக்கப் போனார். வலது கை மணிக்கட்டோடு தானாக மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மற்ற நாலு விரலும் ஒன்றாகச் சேர்ந்து நீட்டிக்கொள்ள, கத்தரிக்கோல் கீழே விழுந்தது. பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கோயிலில் குருக்கள் விபூதியை ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுப்பாரே, அப்படியே நின்றது கை.

"இன்னா டாக்டரு, துண்ணூறு குடுக்கப் போறியா?" என்று சுந்தராம்பாள் உள்ளங்கையை நீட்டினாள். கூட்டம் சிரித்தது. பச்சையப்பனும் சிரித்தார். கையை இழுத்துக் கல்லாவுக்குக் கீழே மறைத்துக்கொண்டு, இடது கையால் மாத்திரை கொடுத்தார். "பீச்சாங்கையால குடுக்காத சாமி" என்று கிழவி முறைத்தாள். ஐந்து நிமிஷத்தில் கை தானாக விட்டுவிட்டது. வலி மட்டும் முழங்கை வரை இருந்தது.

அன்று மத்தியானம் தன்னைத் தானே பரிசோதித்து, "கால்சியம் கம்மி" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு சரி. அதுதான் கொடுமை. தப்பாகச் சொல்லியிருந்தால் சீக்கிரம் மாட்டியிருப்பார், சரியாகச் சொன்னதால் ரெண்டு மாசம் ஏமாந்தார். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது, சரி, ஏன் குறைந்தது என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றால் கடையில் வரிசை நீண்டுவிடும், அந்தப் பழக்கம். கால்சியம் மாத்திரை தினம் ஒன்று போட்டார். கை மடங்கியது. ரெண்டு போட்டார். மடங்கியது. மூன்று போட்டார். மடங்கியதோடு மலச்சிக்கலும் வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு மாத்திரை கையில் வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் சுமித்ராவுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. சுமித்ரா புத்தூரில் ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஹேமநாத் வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மாப்பிள்ளையின் அப்பா உமாபதி, திருப்பதியில் பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பான மனுஷர். அவர்கள் குடும்பத்துக்கு நல்லது கெட்டது எல்லாம் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால்தான். அங்கே கோயில் பக்கத்து மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலை நிச்சயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவது. தேங்காய், வெற்றிலை, மஞ்சள், பழம், பட்டுப்புடவை வைத்த தட்டைப் பெண்ணின் அப்பன் ரெண்டு கையாலும் ஏந்தி நிற்க வேண்டும். எதிரே பிள்ளையின் அப்பன் ஒரு தட்டோடு நிற்பார். சுற்றி இருநூறு கண். போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்று மூன்று தடவை மாற்றச் சொல்வார். அந்த நேரம் பார்த்து விரல் விபூதி எடுத்தால்? தட்டு கவிழ்ந்தால் சகுனம் என்பார்கள். அது கூடப் பரவாயில்லை. "பொண்ணோட அப்பனுக்குக் கை இழுக்குதாமே, வலிப்பா, வாதமா, நாளைக்குப் பொண்ணுக்கும் வருமா" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? பச்சையப்பனின் நைனாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வலது கையும் காலும் விழுந்துபோய், ஆறு வருஷம் கட்டிலில் கிடந்து போனார். பச்சையப்பனுக்கு இப்போது ஐம்பத்தைந்து.

அதனால் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒத்திகை நடத்தினார். சோறு ஆற வைக்கிற பெரிய தாம்பாளத்தில் ரெண்டு தேங்காயும் சாமி படத்துக்குப் போட்டிருந்த துண்டையும் வைத்து, பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கண்ணாடியில் இருந்தவரோடு தட்டு மாற்றினார். மூன்றாவது தடவை கை பிடித்துக்கொண்டது. தட்டு தரையில் விழுந்து தெருவே அதிர்ந்தது. ஒரு தேங்காய் உருண்டு வாசல் வரை போய், உள்ளே வந்துகொண்டிருந்த மனைவி வரலட்சுமியின் காலில் முட்டி நின்றது.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?"

"வெயிட்டு பாத்தேன்."

வரலட்சுமி தேங்காயைப் பார்த்தாள், அவருடைய கையைப் பார்த்தாள். கை இன்னும் குருக்கள் கையாகவே இருந்தது. "எத்தினி நாளா?" என்றாள். அவருடைய கேள்விதான். ஆனால் அவள் பதில் வரும் வரை நின்றாள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். நகரியில் எந்த டாக்டரிடம் போவது? எல்லோரும் பச்சையப்பனைத் தெரிந்தவர்கள். பாதிப் பேர் எழுதிய சீட்டை இவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்திருக்கிறார். ஒருவர் க்ளினிக்கில் போய் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் மானம் கப்பலேறிவிடும். யோசித்து, யாருக்கும் சந்தேகம் வராத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கை சுளுக்கு என்று சொல்லி திங்கட்கிழமை புத்தூருக்கு பஸ் ஏறினார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முட்டியில் வலி என்றாலும் புத்தூர் கட்டு, முதுகில் வலி என்றாலும் புத்தூர் கட்டு. அடுத்த ஊர்க்காரனை அதற்காகக் கேலி செய்தவர் பச்சையப்பன். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, கால் உடைந்தவர்களுக்கும் தோள் இறங்கியவர்களுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கட்டுப் போடுகிற கங்கையா அறுபது வயதுக்காரர். மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒவ்வொரு எலும்பாக விரலால் தடவிப் பார்த்தார். "எமுக பாகுந்தி" என்றார். எலும்பு நன்றாக இருக்கிறது என்றால் பச்சையப்பன் எழுந்து வந்திருக்கலாம்.

"உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டிருக்கும். நீங்க கட்டுங்க" என்றார். புத்தூர்க்காரருக்கே எலும்பு சொல்லிக் கொடுத்தார்.

கங்கையா துணியை எடுத்து முழங்கைக்கு மேலே இறுக்கமாக ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, மருந்து குழைக்கத் திரும்பினார். குழைத்து முடித்துத் திரும்பியபோது பச்சையப்பனின் கை மடங்கி, விரல்கள் குவிந்து நின்றன. கங்கையா துணியை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் விரல் பிரிந்தது. மறுபடியும் சுற்றிவிட்டு, இந்தத் தடவை கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் மடங்கியது.

"முப்பது வருஷமா கட்டறேன். நான் கட்டினா மடங்கின கை நிமிரும். உங்க கை, கட்டினா மடங்குது. இது எலும்பு இல்ல, ரத்தத்துல ஏதோ இருக்கு. இன்னிக்கே திருப்பதி போயிடுங்க." துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார், "நீங்க இன்னா தொழில் பண்றீங்க?"

"மெடிக்கல்" என்றார் பச்சையப்பன்.

கங்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை வரலட்சுமி தோளில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க, பச்சையப்பன் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். டாக்டர் பிரியங்காவுக்கு சுமித்ராவை விட நாலைந்து வயது கூட இருக்கும். பேச்சு பாதி தெலுங்கு, பாதி சித்தூர்த் தமிழ். பிரஷர் பார்க்கிற பட்டையை மேல் கையில் சுற்றிக் காற்றடித்தாள். அடித்த காற்றை இறக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிஷம் ஆவதற்குள் கை விபூதி எடுத்தது. பிறகு காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினாள். மேலுதடு தானாகத் துடித்தது.

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கிற சந்தோஷம். வெளியே போய் இன்னும் மூன்று சின்ன டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆளுக்கு ஒரு தட்டு தட்டினார்கள். இருபத்தாறு வருஷம் ஊரை நாக்கை நீட்டச் சொன்னவர், வரிசையாகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எட்டரைக்கு மேல் இருக்க வேண்டிய கால்சியம் ஆறரைக்குக் கீழே இருந்தது.

"இதோட பஸ்ல வந்தீங்களா, அங்கிள்? ஃபிட்ஸ் வந்திருக்கலாம். இதயம் கூடத் தாளம் தப்பியிருக்கலாம்" என்று பிரியங்கா இசிஜிக்குச் சொன்னாள். பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

கழுத்தில், தைராய்டில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்றாள். இல்லை. கால்சியத்தைக் கவனித்துக்கொள்கிற சுரப்பிகள் அங்கேதான் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மாதிரி நாலு ஒட்டிக்கொண்டிருக்குமாம், ஆபரேஷனில் அதுவும் போய்விடும் சில பேருக்கு. கிட்னி எப்படி என்றாள், அது நன்றாக இருப்பதாக ரிப்போர்ட்டே சொன்னது. குடலில் ஆபரேஷன், ரொம்ப நாள் வயிற்றுப்போக்கு, கணைய வீக்கம் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படிக் கை இழுக்குமா? இல்லை. வெயிலில் போவது உண்டா என்று கேட்டதும் வரலட்சுமி முந்திக்கொண்டாள்.

"வெயிலா? காலைல கடைக்குள்ள போனா டியூப் லைட்டு அணைக்கறப்பதான் வெளிய வருவாரு."

வைட்டமின் டி கம்மி, ஆனால் இவ்வளவு கீழே இழுக்கிற அளவுக்கு இல்லை என்றாள் பிரியங்கா. குடிப்பது உண்டா? பச்சையப்பன் மனைவியைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் காட்சின்னா" என்றார். வலிப்புக்கு மாத்திரை, எலும்பு பலத்துக்கு ஊசி ஏதாவது? இல்லை.

"வேற என்ன மாத்திரை போடறீங்க?"

"கால்சியம் மூணு. வேற ஒண்ணும் இல்லம்மா. நான் மாத்திரை குடுக்கறவன், போடறவன் இல்ல" என்றார். நல்ல வசனம் பேசிவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்திருக்கும்.

பிரியங்கா பேனாவை மூடினாள். ஒன்றும் பிடிபடவில்லை என்பது அவள் நெற்றியில் தெரிந்தது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சும்மா கேட்டாள்.

"எழுந்ததும் கேஸ் மாத்திரை, அப்பறம் காபி, ஏழரைக்கு நாலு இட்லி" என்றார் பச்சையப்பன்.

மூடிய பேனா திறந்தது. "என்னது? கேஸ் மாத்திரையா?"

"அது மாத்திரை இல்லம்மா. கேஸுக்கு."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா."

பிரியங்கா இன்னொரு பரிசோதனைக்கு எழுதினாள். மெக்னீசியம். மத்தியானம் முடிவு வந்தபோது அதுவும் அடிமட்டத்தில் கிடந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அந்த மஞ்சள் மாத்திரையை வருஷக் கணக்கில் போட்டால் சில பேருக்குக் குடல் மெக்னீசியத்தை உள்ளே எடுக்காது. மெக்னீசியம் குறைந்தால் கழுத்தில் இருக்கிற அந்த நாலு சுரப்பியும் வேலை செய்யாது. அது வேலை செய்யவில்லை என்றால் கால்சியம் இறங்கும்.

"நீங்க மூணு இல்ல, முப்பது கால்சியம் போட்டாலும் ஏறாது. அதுவும் நீங்க போட்ட கால்சியம் கரையறதுக்கு வயித்துல ஆசிட் வேணும். அதைத்தான் காலைலேயே நிறுத்திட்டீங்களே."

காலையில் ஒரு மாத்திரை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மத்தியானம் மூன்று மாத்திரையை அந்தக் கதவு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். தன் கடையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"அப்ப அது தப்பான மாத்திரையா?" என்றாள் வரலட்சுமி.

"நல்ல மாத்திரைதான் ஆன்ட்டி. வேணுங்கறவங்களுக்கு வேணும். எதுக்கு, எத்தனை நாள்னு ஒரு டாக்டர் சொல்லணும். இவருக்கு யார் சொன்னாங்க?"

வரலட்சுமி புருஷனைக் கையால் காட்டினாள். "டாக்டருதான்" என்றாள்.

உள்ளே படுக்க வைத்து நரம்பில் மெக்னீசியம் ஏற்றினார்கள், கால்சியமும் ஏற்றினார்கள். நெஞ்சு எரிந்தால் கொஞ்ச நாளைக்குப் போட வேறு வகை மருந்து ஒன்று கொடுத்தார்கள். பச்சையப்பன் கேட்டது ஒரே கேள்வி. "வெள்ளிக்கிழமை தட்டு தூக்கணும்மா. தூக்க முடியுமா?" தூக்கலாம் என்றாள் பிரியங்கா. வாதம் இல்லை, இது வாதம் இல்லவே இல்லை என்று ரெண்டு தடவை அவளிடம் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். அப்புறம் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு அழுதார். குளிர்கிறது என்று வரலட்சுமியிடம் சொன்னார்.

புதன்கிழமை கட்டிலில் படுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி கிடந்தபோது, தான் மஞ்சள் மாத்திரை கொடுத்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தறிக்குப் பாவு ஓட்டுகிறவர், டீக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆயம்மா. தினம் ஒண்ணு, தினம் ஒண்ணு. கடைசியாக உமாபதி வந்து நின்றார். பச்சையப்பன் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாசத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்று, மூன்றாவது பஜ்ஜிக்குப் பிறகு உமாபதி நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பச்சையப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு முழு அட்டையை எடுத்து, சீர் வைப்பது போல ரெண்டு கையாலும் கொடுத்தார். "தினம் ஒண்ணு சம்பந்தி, வெறும் வயித்துல. ஆயுசு பூரா போடலாம்." அப்போது அவர் இன்னும் சம்பந்தி கூட ஆகவில்லை.

சொல்ல வேண்டும். சொன்னால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் டாக்டரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொன்னால் சம்பந்தம் என்ன ஆகும்? சுமித்ரா ஹேமநாத்தோடு போனில் பேசும்போது அவள் குரல் எப்படி மாறுகிறது என்று அவருக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு படுத்தார். அந்த முடிவு அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காணிப்பாக்கம். காணிப்பாக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சுற்று வட்டாரத்தில் எந்தத் தகராறு என்றாலும், திருடவில்லை, குடிக்கவில்லை, ஏமாற்றவில்லை என்று சொல்கிறவனை இங்கே கூட்டி வருவார்கள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொல்ல நினைப்பவன் குளத்தங்கரையிலேயே உண்மையைக் கக்கிவிடுவான் என்பது பேச்சு. அந்த ஊர் எல்லையில் நின்றுகொண்டு சின்னப் பொய் சொல்லக்கூட ஜனங்கள் யோசிப்பார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் பச்சையப்பன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்தில் நின்றார்.

லக்கினப் பத்திரிகை படித்தாகிவிட்டது. தட்டு கையில் வந்தது. விரல்கள் விரிந்து, நன்றாகப் பிடித்துக்கொண்டன. ரெண்டு மாசத்துக்குப் பிறகு அவருடைய விரல் அவருடைய பேச்சைக் கேட்டது. போட்டோக்காரர் கையைத் தூக்கினார். அந்த நேரம் எதிரே தட்டோடு நின்ற உமாபதி கூட்டத்தின் பக்கம் திரும்பி, சந்தோஷத்தில் வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். எனக்குப் பத்து வருஷமா நெஞ்செரிச்சல். எங்க சம்பந்தி ஒரே ஒரு மாத்திரை குடுத்தாரு, ஆறு மாசமா தினம் போடறேன், வயிறு குளுகுளுன்னு கீது. காணிப்பாக்கத்துல நின்னுக்கினு சொல்றேன், நம்ம குடும்பத்துக்கு ஒரு டாக்டரு கிடைச்சுட்டாரு."

கை தட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தை யசோதா, "எனக்கும் அதேதான் அண்ணா, எனக்கும் எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் கையைத் தூக்கினார்கள். பச்சையப்பன் சிரித்துக்கொண்டு தலையாட்டினால் போதும். ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டாம். தலை அசையவில்லை.

"சம்பந்தி, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார்.

மண்டபம் அடங்கியது. இந்த இடத்தில் பெண்ணின் அப்பன் பேசினால் என்ன பேசுவான் என்று எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. வரலட்சுமியின் முகம் வெளுத்தது. சுமித்ரா தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

"அந்த மாத்திரைய நான் பதினோரு வருஷமா போட்டேன். ரத்தத்துல மெக்னீசியம் போயி, கால்சியம் போயி, கை மடங்கிப் போச்சு. நேத்து வரைக்கும் திருப்பதியில ஆஸ்பத்திரியில கெடந்தேன். உங்ககிட்ட மறைச்சேன். உங்களுக்கு அந்த மாத்திரை வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியாது. பஜ்ஜி துன்னு நெஞ்செரிஞ்ச மனுஷனுக்கு ஆயுசு பூரா போடுன்னு சொன்னேன். நான் டாக்டரு இல்ல, சம்பந்தி. அலமாரியில இருந்து எடுத்துக் குடுக்கறவன்."

சொல்லி முடித்ததும் தட்டில் இருந்த தேங்காய் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டது. உமாபதி அந்தத் தட்டைப் பார்த்தார்.

"இப்ப கை எப்படி?"

"இப்ப நல்லா கீது."

"அப்பறம் தட்டு ஏன் ஆடுது?"

"அது பயம், சம்பந்தி" என்றார் பச்சையப்பன்.

உமாபதி தன் தட்டை ஹேமநாத்திடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டு, பாதி தீர்ந்த மஞ்சள் மாத்திரை அட்டையை எடுத்தார். தட்டைத் திரும்ப வாங்கி, புடவைக்கு மேலே, வெற்றிலைக்குப் பக்கத்தில் அந்த அட்டையை வைத்தார்.

"குடுத்தத திருப்பிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிக்கினு போங்க. மாத்துங்க தட்டை, ராகுகாலம் வந்துடப் போவுது."

தட்டு மாறியது. போட்டோக்காரர் சொன்னபடி மூன்று தடவை மாற்றினார்கள். மூன்று தடவையும் தட்டு விழவில்லை. அந்தப் போட்டோவில் பச்சையப்பனின் கண் சிவந்திருக்கும், தட்டில் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஆறு மாத்திரை தெளிவாகத் தெரியும். அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டப் போவதாகச் சுமித்ரா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் யசோதா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் சரி அண்ணா. அந்த மாத்திரை வேணாம்னா, கேஸுக்கு நான் இன்னாதான் போடறது?"

பச்சையப்பன் வாயைத் திறந்தார். நாலு மருந்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அத்தனையையும் ஒரு வாய் ரசம் சாதத்தோடு விழுங்கினார்.

"டாக்டரப் போய்ப் பாரும்மா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

"அதுக்குத்தான உங்ககிட்ட வந்தேன்" என்றாள் யசோதா.